வானத்துக் காற்றும் ராக்கெட்டும்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் எழும்பும் காட்சியைத் தொலைக்காட்சியிற் காணும் நம் வீட்டுப் பிள்ளைகள், நெருப்பைக் கக்கிப் புறப்படும் அக்கணமே பேராபத்து என்றெண்ணி மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால், புறப்பட்டு ஒரு நிமிஷ அளவில் வேறொரு சோதனை காத்திருக்கிறது. அது காற்றினால் வருவது.

காற்று தரும் அழுத்தம், அதன் அடர்த்தியையும் ராக்கெட்டினது வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. தரைக்கருகே காற்று அடர்த்தியாயினும் வேகம் குறைவு. மிக உயரத்திலோ வேகம் மிகுதி, காற்று அற்பம். இடைப்பட்ட 10 முதல் 15 கிலோமீட்டர் உயரத்திற்குள் பெரும்பாலும் அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் அவ்வுயரத்தையொட்டியே தென்னிந்தியாவின்மீது கிழக்கிலிருந்து பெருங்காற்றொன்று ஆறெனப் பாய்கிறது. வினாடிக்கு 450 மீட்டர் செல்லும் ராக்கெட்டை 40 மீட்டர் வேகக் குறுக்குக்காற்று தாக்கினால், எதிர்க்காற்று அதன் மூக்கில் ஏறத்தாழ 5 பாகை சாய்ந்து மோதும். ஐந்துதானே என்று அசட்டை செய்தற்கில்லை. அழுத்தமும் சாய்வும் ஒன்றையொன்று பெருக்கி, நீண்டு மெலிந்த அவ்வுடலை வில்லென வளைக்க முற்படும்.

இதனை நம் நாடு விலை கொடுத்தே கற்றது. ஏ.எஸ்.எல்.வி. வரிசையின் முதல் ராக்கெட், மைய மோட்டார் பற்றாமையால் 1987-இல் வீழ்ந்தது. 1988 ஜூலை 13-இல் இரண்டாவது எழும்பிற்று. பக்க மோட்டார்கள் எதிர்பார்த்ததற்குச் சற்று முன்னரே எரிந்து தீர்ந்தன. மைய மோட்டாரோ குறித்த நேரத்திற்காகக் காத்திருந்தது. அச்சிறு இடைவெளியில் திசை திருப்ப வலுவில்லை. காற்றழுத்தம் உச்சத்திலிருந்த வேளையும் அதுவே. மூக்கு சாய, உடல் முறிந்தது. பல்லாண்டு உழைப்பு வங்கக்கடலில் வீழ்ந்தது.

கடிகாரத்தை நம்பியதே பிழை என்பது நம் கருத்து. பின்னர், பக்க மோட்டார்களின் உந்துதல் தளர்வதை ராக்கெட்டே உணர்ந்து மைய மோட்டாரைப் பற்றவைக்கும் ஏற்பாடு செய்தனர். அடியில் துடுப்புகளும் பொருத்தினர். 1992 மே 20-இல் மூன்றாவது ராக்கெட், 106 கிலோ எடையுள்ள துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இந்நாளில் ஏவுதலுக்கு முன் பலூன்களை விடுத்து மேற்காற்றை அளக்கின்றனர். அதற்கேற்ப ராக்கெட் தலை சாய்க்க வேண்டிய வழியை வகுக்கின்றனர். கணக்கிட்ட சுமை எல்லை மீறுமாயின் ஏவுதலையே நிறுத்திவைப்பர். அவ்வேளைகளில் நம்மவர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. நமக்கு அதில் சலிப்பில்லை.