ஒரு யூரோ வாடகையில் ஓர் அரண்மனை

ரோமாபுரியில் பார்னேசே அரண்மனை என்றொரு மாளிகை இருக்கிறது. பெயர் ஒரு பழைய இத்தாலியப் பிரபு குடும்பத்தினுடையது. சொந்தக்காரர் இத்தாலிய சர்க்கார். குடியிருப்பவரோ பிரெஞ்சுத் தூதர். வாடகை எவ்வளவு தெரியுமா? பெயரளவுக்கு ஒரு லீரா என்று இருந்தது, இப்போது ஒரு யூரோ. ரோமாபுரியில் அந்தக் காசுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடக் கிடைக்காது.

இது ஏமாளித்தனமான பேரம் அல்ல. 1936-ம் ஆண்டில் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பாரிஸ் நகரில் வரேன் வீதியிலுள்ள ஒரு புராதன மாளிகையில் இத்தாலியத் தூதர் அதே விதமாகக் குடியிருக்கிறார். உன் வீட்டில் நான், என் வீட்டில் நீ என்ற கணக்கு. குத்தகைக் காலம் 99 ஆண்டுகள். அது 2035-ல் முடிகிறது. ஆகவே, இந்த அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் பழங்கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. இன்னும் தீராத ஒரு ராஜ்ய விவகாரத்தின் நடுக்கூடத்தில் நின்றுவிட்டு வருகிறார்கள்.

கட்டியவர் யார்?

வீட்டைக் கட்டத் தொடங்கியவர் அலெக்சாண்ட்ரோ பார்னேசே. 1493-ல், இருபத்தைந்து வயதில் கார்டினல் பதவிக்கு வந்தார். அவருடைய தங்கை ஜூலியா அப்போதைய போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாண்டரின் ஆசைநாயகி. பதவி வந்த வழியை ரோமாபுரி ஜனங்கள் பரிகாசம் செய்தார்கள். ஆனால் ஆள் கெட்டிக்காரர். 1534-ல் அவரே மூன்றாம் பால் என்ற பெயருடன் போப்பாண்டவரானார். ஆன கையோடு, பதினான்கு வயதுப் பேரனைக் கார்டினலாக்கினார்!

குடும்பப் பாசம் இப்படியிருந்தாலும், அவர் காலத்துக் காரியங்கள் உலகம் முழுவதும் எட்டின. இயேசு சபைக்கு 1540-ல் அங்கீகாரம் தந்தவர் இவர்தான். அந்தச் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே ஊழியம் செய்தது தமிழர்கள் அறிந்த செய்தி.

கார்டினலின் வீடாகத் தொடங்கிய கட்டடம், சொந்தக்காரர் போப்பாண்டவரானதும் போதாமல் போயிற்று. சிற்பி ஆன்டோனியோ த சாங்கல்லோ திட்டத்தைப் பெரிதாக்கினார். 1546-ல் அவர் காலமானதும் வேலை மைக்கேலாஞ்சலோவின் கைக்கு வந்தது. அவர் மேல்தளத்தை உயர்த்தினார். முகப்பின் உச்சியில் கனமான ஒரு கூரை விளிம்பை அமைத்தார். கல்லில் செதுக்குவதற்கு முன், அதே அளவில் மரத்தில் ஒரு துண்டு செய்து, மேலே ஏற்றி வைத்துக் கீழேயிருந்து பார்த்தார்களாம். வீட்டுக்கு வெளியே நிற்கும் ஏழையின் கண்ணுக்கும் அது எப்படித் தெரியும் என்று யோசித்தவர் மைக்கேலாஞ்சலோ. முழு வேலையும் 1589-ல்தான் நிறைவேறியது.

வந்த பொருளும் போன பொருளும்

மறுமலர்ச்சிக் காலம் என்றாலே பழைய ரோமாபுரியைப் போற்றிய காலம் என்று சொல்வது வழக்கம். போற்றியது உண்மை. கொள்ளையிட்டதும் உண்மை. புராதனக் கட்டடங்களின் இடிபாடுகள் புது மாளிகைகளுக்குக் கல் கொடுத்தன. காரகல்லா என்ற பழைய சக்கரவர்த்தி கட்டிய ஸ்நான மண்டபத்தைத் தோண்டியபோது பிரும்மாண்டமான ஹெர்குலிஸ் சிலையும், காளைச் சிற்பமும் கிடைத்தன. இரண்டும் பார்னேசே குடும்பத்தின் சொத்தாயின. மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் இன்று தண்ணீர் கொட்டும் இரு பெரிய கருங்கல் தொட்டிகளும் அதே ஸ்நான மண்டபத்திலிருந்து வந்தவைதான்.

பிறரிடமிருந்து வந்தது பிறரிடமே போயிற்று. 1731-ல் பார்னேசே வம்சம் ஆண் வாரிசின்றி முடிந்தது. அந்தக் குலத்துப் பெண் எலிசபெத்தா ஸ்பெயின் தேசத்து ராணி. அவளுடைய மகன் சார்லஸ் நேபிள்ஸ் நாட்டுக்கு அரசனானான். தாய்வழிச் சொத்தாகச் சித்திரங்களும், பிற்பாடு சிலைகளும் நேபிள்ஸ் போய்ச் சேர்ந்தன. ஹெர்குலிஸும் காளையும் இன்று அந்நகரத்துத் தொல்பொருட்காட்சி சாலையில் நிற்கின்றன. 1861-ல் நேபிள்ஸ் ராஜ்யத்தை இழந்த கடைசி மன்னர் இரண்டாம் பிரான்சிஸ், தம் முன்னோர்கள் பொருள்களைக் காலி செய்துவிட்ட இதே மாளிகைக்குத்தான் அகதியாக வந்து சேர்ந்தார்!

பெயர்த்தெடுக்க முடியாத ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அது மேல்மாடியிலுள்ள நீண்ட மண்டபத்தின் விதானச் சித்திரம். போலோனா நகரத்து ஓவியர் அன்னிபலே கராச்சி 1597-ல் தீட்டத் தொடங்கியது. தேவர்களின் காதல் கதைகளை ஒரு கார்டினலின் வீட்டு விதானத்தில் வரைந்தார் என்பது வேடிக்கைதான். பல்லாண்டு உழைப்புக்குக் கிடைத்த கூலி 500 பொற்காசுகள். அந்த அவமானத்தில் மனம் ஒடிந்துபோனவர் அதன்பின் தூரிகையை அதிகம் தொடவில்லை என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். 1609-ல் அவர் காலமானார். கூலியைக் குறைத்த குடும்பம் மறைந்துவிட்டது. கூலி குறைந்தவரின் சித்திரம் நிற்கிறது.

யுத்தத்தையும் தாண்டிய ஒப்பந்தம்

பிரெஞ்சுத் தூதர் இங்கே குடியேறியது 1874-ல். அடுத்த ஆண்டு தொடங்கிய பிரெஞ்சு சரித்திர ஆராய்ச்சிக் கழகமும் இங்கேயே இடம் பெற்றது. 1911-ல் பிரெஞ்சு சர்க்கார் மாளிகையை விலைக்கே வாங்கியது. இருபத்தைந்து ஆண்டுக்குள் இத்தாலி திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அந்த உரிமையை முசோலினி சர்க்கார் 1936-ல் பயன்படுத்திக்கொண்டது. மானம் இத்தாலிக்கு, வாசம் பிரான்சுக்கு என்று விஷயம் முடிந்தது.

நான்கே ஆண்டில், 1940-ல், அதே முசோலினி பிரான்சின்மீது யுத்தப் பிரகடனம் செய்தார். யுத்தம் முடிந்தது, முசோலினியும் முடிந்தார், குத்தகை மட்டும் முடியவில்லை. 2019 பிப்ரவரியில் மற்றொரு சோதனை வந்தது. இத்தாலியத் துணைப் பிரதமர் ஒருவர், பிரெஞ்சு சர்க்காரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர்களைச் சந்தித்தார். கோபமுற்ற பிரான்ஸ் தன் தூதரைத் திருப்பி அழைத்தது. சுமார் ஒரு வாரத்தில் அவர் இதே மாளிகைக்குத் திரும்பி வந்தார். 2021 நவம்பரில் இரு நாடுகளும் ரோமாபுரியிலேயே சிநேக ஒப்பந்தம் செய்துகொண்டன.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஒருவர் சொத்து மற்றவர் கையில் இருக்கும்போது, இருவருக்குமே நிதானம் வந்துவிடுகிறது. நாடுகள் தத்தம் கலைச் செல்வங்களைத் திருப்பிக் கேட்டு வழக்காடும் இந்நாளில் இது அலட்சியம் செய்யத்தக்க பாடமல்ல. உரிமையை விட்டுக்கொடுக்காமலே உபயோகத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதற்குப் பார்னேசே மாளிகை சாட்சி.

மூன்றாவது கட்சி

2035-ல் குத்தகையைப் புதுப்பிப்பது இரு சர்க்கார்களுக்கும் கஷ்டமாக இராது. ஒன்றை இழந்தால் மற்றதையும் இழக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் இந்த விவகாரத்தில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அது பொது ஜனம்.

தூதராலயம் என்பதால் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. முன்கூட்டியே பதிவு செய்து, அடையாளச் சீட்டைக் காட்டி, வழிகாட்டியின் பின்னால் கூட்டமாகத்தான் போக வேண்டும். 2021-ல் முகப்பைச் செப்பனிட்டபோது, ஜே.ஆர். என்ற பிரெஞ்சுக் கலைஞர் சாரத்தின்மேல் ஒரு பிரும்மாண்டப் படத்தை மாட்டினார். சுவர் பிளந்து உட்புறம் தெரிவது போன்ற தோற்றம்! சதுக்கத்தில் நின்றவர்கள் அதை வியந்து பார்த்தார்கள். உள்ளே போக முடியாதவர்களின் ஆசையைத்தான் அந்தப் படம் எடுத்துச் சொல்லியது எனலாம்.

தூதருக்குப் பாதுகாப்பு தேவை, மறுக்க முடியாது. எனினும் அடுத்த பத்திரத்தில் கையெழுத்திடும்போது, இத்தனை நாட்கள், இத்தனை மணி நேரம் ஜனங்களுக்குக் கதவு திறந்திருக்கும் என்று ஒரு ஷரத்தைச் சேர்ப்பது நியாயம். வீட்டுக்கு ஒரு யூரோ வாங்கும் சர்க்கார், தன் ஜனங்களின் பெயரால் கேட்கக்கூடிய உண்மையான வாடகை அதுவே.