பூட்டி வெச்ச கோடும் பூஞ்சை பிடிச்ச சிடியும்

"கம்பெனி காசைக் கொட்டி எழுதுன கோடு. அதை எதுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கணும்?"

பழைய ஸ்ட்ராட்டஜி கேம்களோட மூலநிரலை ரசிகர்கள்கிட்ட கொடுங்கப்பான்னு யாராச்சும் வாயைத் திறந்தாலே இந்தக் கேள்வி வந்து விழும். கேட்கிறவர் பெரும்பாலும் நம்மள மாதிரி மாசச் சம்பளத்துக்கு கோடு அடிக்கிற ஆசாமியாத்தான் இருப்பார். முதலாளிக்கே இல்லாத கவலை இவருக்கு :-)

கோடு வேற, கேம் வேற மக்களே. 2020 ஜூனில் ஈஏ கம்பெனி கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டர்டு தொகுப்பை விற்பனைக்கு விட்டது. கூடவே, அதுக்கு அடியில் ஓடுற டைபீரியன் டான், ரெட் அலர்ட் ரெண்டோட நிரலையும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. இட்லிக் கடைக்காரர் மாவு பக்குவத்தைப் போர்டுல எழுதி மாட்டின மாதிரி. கடை படுத்துச்சா? இல்லையே! படம், ஒலி, வீடியோ எல்லாம் காசு கொடுத்து வாங்கினாத்தான் உண்டு. நிரலை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு டாங்கைக்கூட திரையில் ஓட்ட முடியாது.

அப்புறம் ஏன் கேட்கிறோம்? இங்கேதான் ஸ்ட்ராட்டஜி கேமோட தனிப் பிரச்சினை இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

1997-ல ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வந்தப்ப, பலர் வீட்டுல இருந்தது 28.8 மோடம். அதுல எட்டு பேர் ஆடணும், ஆளுக்கு நூத்துக்கணக்குல சிப்பாய்கள். ஒவ்வொரு சிப்பாயும் எங்கே நிக்கிறான்னு லைன்ல அனுப்பிக்கிட்டிருந்தா மோடம் புகைஞ்சிடும். அதனால கட்டளையை மட்டும் அனுப்புறது. 'இந்த நாலு பேர் அந்தப் பாலத்துக்குப் போங்க', அவ்வளவுதான். மொத்தப் போரையும் ஒவ்வொரு கணினியும் தன்பாட்டுக்குத் தனியா கணக்குப் போட்டு ஓட்டும். எட்டு மெஷினிலும் விடை துளி பிசகாம ஒண்ணா வரணும். ஒரு இடத்துல ஒரு எண் மாறினாலும் போச்சு. உங்க திரையில் செத்தவன் என் திரையில் கோட்டையை இடிச்சுக்கிட்டு இருப்பான். அந்தக் காலத்து ஆர்டிஎஸ் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுது.

இதை வெளியே இருந்து பார்த்துப் பார்த்து அச்சு அசலா திருப்பி எழுதுறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு யோசிங்க. ஓபன்ஆர்ஏன்னு ரசிகர்களே எழுதின எஞ்சின் இருக்கு. அருமையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனா அது புது ஆட்டம், பழைய ரெட் அலர்ட்டோட நடை அதுல கிடையாது. பழைய ஆட்டமே வேணும், புது விண்டோஸ்ல ஓடணும், பிழை திருத்தணும்னா அசல் நிரல் வேணும். குறுக்கு வழி கிடையாது.

கொடுத்தா என்ன நடக்கும்ங்கறதுக்கு வார்சோன் 2100-ஐப் பாருங்க. 1999-ல பம்ப்கின் ஸ்டுடியோஸ் எழுத, ஐடாஸ் வெளியிட்டது. 2004 டிசம்பரில் ஜிபிஎல்லில் திறந்துவிட்டாங்க. எழுதின ஸ்டுடியோ எப்பவோ இல்லாமப் போச்சு. ஆட்டம் இன்னும் இருக்கு! 2021-ல 4.0 பதிப்பே வந்தது. எழுதினது எல்லாம் சம்பளம் வாங்காத ஆளுங்க. ஆனா வீடியோ, இசை உரிமம் தெளிவா இல்லாம 2008 வரைக்கும் இழுத்துச்சு. அதனாலதான் சொல்றேன், கொடுக்கிறதை ஒழுங்கான உரிமத்தோட கொடுங்க. ஹோம்வேர்ல்ட் நிரலை ரெலிக் 2003-லயே கொடுத்தது, லினக்ஸுக்குக்கூட கொண்டுபோனாங்க, சந்தோஷம். ஆனா அது கம்பெனியோட சொந்த உரிமம். 'பார்த்துக்கோ, ரொம்பத் தொடாதே' வகையறா.

அடுத்த சாக்கு: "உள்ள மத்தவங்க லைப்ரரி இருக்கு, கொடுக்க முடியாது." 1997-ல டூம் நிரலை வெளியிட்டப்ப ஒலிக்கான லைப்ரரி வேற ஒருத்தரோடது. அதை எடுத்துட்டு மீதியைக் கொடுத்தாங்க. 2025 பிப்ரவரியில் ஈஏ ஜெனரல்ஸ், ஸீரோ ஹவர் நிரலைத் திறந்தப்பவும் பிங்க் வீடியோ, மைல்ஸ் ஒலி, கேம்ஸ்பை எல்லாத்தையும் கழிச்சுட்டுத்தான் கொடுத்தாங்க. ஓட்டையை ரசிகர்கள் அடைச்சுக்குவாங்க. (கேம்ஸ்பை மூடினதும் 2014-ல ஜெனரல்ஸ் ஆன்லைனுக்கு ஈஏ சங்கு ஊதினப்ப, சர்வர் போட்டு ஆட்டத்தைக் காப்பாத்தினதும் இதே ரசிகர்கள்தான்.)

"திருட்டு ஆட்டம் பெருகும்" என்பது இன்னொண்ணு. ஐயா, எல்லா மெஷினிலும் மொத்தப் போரும் ஓடுதுன்னு மேலே சொன்னேனே. எதிரி எங்கே இருக்கான்கிற விவரம் உங்க மெமரியிலேயே கிடக்கு. மேப் ஹேக் போடறவன் நிரலுக்காக என்னிக்கும் காத்துக்கிட்டு இருந்ததில்லை.

எனக்கு நிஜமா எரிச்சல் வர்றது இதுலெல்லாம் இல்லை. 'எங்க சொத்து'ன்னு மார் தட்டுறவங்க அந்தச் சொத்தை வெச்சிருக்கிற லட்சணத்துலதான். 2017-ல ஒரு ரசிகர் ஈபேயில் பழைய பிளிஸார்ட் சாமான் பெட்டி ஒண்ணு வாங்குறார். உள்ளே ஸ்டார்கிராஃப்ட் மூலநிரல் சிடி! மனுஷன் நல்லவர், திருப்பிக் கொடுத்துட்டார். அவங்களும் பரிசு கொடுத்து பிளிஸ்கானுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கதை சுபம். ஆனா பாதுகாப்பா இருக்க வேண்டிய சிடி பழைய சாமானோட ஏலத்துக்கு எப்படிப் போச்சு? ஹோம்வேர்ல்ட் கேடக்ளிஸம் இன்னும் மோசம். முதல் ரெண்டு ஹோம்வேர்ல்டுக்கும் 2015-ல ரீமாஸ்டர் வந்தது. இதுக்கு வரலை. அசல் நிரலே கைக்குக் கிடைக்கலை.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில், ஆபீஸ் மாத்தினப்ப பேக்கப் டேப் பெட்டியை எடைக்குப் போட்டாங்க. அதனால இதுல எனக்கு ஆச்சரியமே இல்லை.

இருபது வருஷமா விக்காத ஆட்டமா? கொடுத்துடுங்க. விக்கிற ஆட்டமா? ஈஏ மாதிரி நிரலை மட்டும் கொடுத்துட்டு, ஆட்டத்தை வித்துக்கிட்டே இருங்க. ஈஏவையே நான் புகழ வேண்டி வரும்னு எவன் கண்டான்! வெஸ்ட்வுட்டை 1998-ல வாங்கி 2003-ல இழுத்து மூடின அதே ஈஏ. அந்த 2025 பட்டியலிலும் டைபீரியன் சன் இல்லை, ரெட் அலர்ட் 2 இல்லை. ரெட் அலர்ட் 2 வந்தது 2000-ல. கால் நூற்றாண்டு ஆச்சு சாமி, பரண்ல ஏறித் தேடிப் பாருங்க.