அந்தப் பிள்ளையும் கடைக்கு வரட்டும்

கோமாரியில் சவர்க்காரமும் சீனியும் வாங்க வீட்டுப் பக்கத்துக் கடை போதும். சப்பாத்து வாங்க வேண்டும், வங்கியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றால் தெற்கே பொத்துவிலுக்கோ வடக்கே அக்கரைப்பற்றுக்கோ பஸ் ஏற வேண்டும். தீபாவளி உடுப்புக்குக் கல்முனை வரை போகிறவர்களும் உண்டு. ஆட்டிசமுள்ள பிள்ளை இருக்கிற வீட்டில், புறப்படுவதற்கு முன்னால் ஒரு யோசனை ஓடும். பிள்ளையைக் கூட்டிப் போவதா, அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போவதா? பல வீடுகளில் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாகிவிட்டது.

பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. தனியார் பஸ்ஸில் தலைக்கு மேலே பாட்டுப்பெட்டி அலறுகிறது. இறங்கினால் ஹோர்ன், கருவாட்டு வாடை, நடைபாதையில் ஒலிபெருக்கி வைத்து விலை கூவும் துணிக்கடை. மற்றவர்களின் மூளை இவற்றில் பாதியை வடிகட்டித் தள்ளிவிடும். ஆட்டிசமுள்ள பல பிள்ளைகளுக்கு அந்த வடிகட்டல் நடப்பதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே உரப்பில் வந்து மோதும். பழைய டியூப் லைட் ஒரு செக்கனுக்கு நூறு தடவை மினுங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம்கூடச் சிலரை வதைக்கும். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றில் வரும் இந்த மாறுபட்ட உணர்திறனை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது.

இலங்கையில் இது அபூர்வமும் அல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று கணக்கிட்டது. ஆராயப்பட்டவர்கள் 374 பிள்ளைகள்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் அந்த விகிதத்தைக் கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பொருத்திப் பார்த்தால், இத்தனை பிள்ளைகள் கடைத்தெருவில் ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்று கேட்கத் தோன்றும்.

படும்போது நடப்பது இதுதான். கடை நடுவில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்துகிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவர் “ரெண்டு அடி போட்டா அடங்கும்” என்கிறார். இன்னொருவர் தாயைப் பார்த்து, வளர்ப்புச் சரியில்லை என்கிறார். அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் நிறுத்திவிடும். ஆட்கள் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் செய்யும். இந்தப் பிள்ளைக்கோ எதைக் கொடுத்தாலும் நிற்காது. அது எதையும் கேட்டுக் கத்தவில்லை, தாங்க முடியாமல் கத்துகிறது. அந்த நேரம் அடியும் அறிவுரையும் இன்னும் இரண்டு சத்தங்கள், அவ்வளவுதான். கூட்டம் விலகி இடம் விட்டாலே பெரிய உதவி.

அதற்காகப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கோமாரி போன்ற ஊரில் அது தலைகீழான கணக்கு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் பஸ் பறக்கும் பிரதான வீதி. ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு நடந்துவிடுவார்கள். தண்ணீர் அவர்களை ஈர்ப்பதும், அப்படிப் போனவர்கள் நீரில் மூழ்கி இறப்பதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. கடைக்குப் போய்வந்து பழகிய பிள்ளையைக் கடைக்காரருக்குத் தெரியும், மீன்காரருக்குத் தெரியும், சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரருக்குத் தெரியும். தனியாக நடந்து வந்தால் யாராவது கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையை யாருக்கு அடையாளம் தெரியும்?

பழக்குவதற்குப் பெரிய கடை தேவையில்லை. வாசலுக்கே கடை வருகிற நாடு இது. பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் சூன் பாண் ஆட்டோவுக்குக் காத்து நிற்பதும், காசைத் தன் கையால் கொடுத்து ஒரு பணிஸை வாங்குவதும் முதல் பாடமாக இருக்கலாம். (அந்த மெட்டே பிடிக்காத பிள்ளையும் இருக்கும், அதற்கு மீன்காரர் இருக்கிறார்.) அடுத்தது சந்திக் கடை. ஒரு சாமான் மட்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் படம் கைகொடுக்கும். அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் உருவாக்கிய முறையில் பிள்ளை ஒரு பட அட்டையைக் கொடுத்து, வேண்டிய பொருளைப் பெற்றுக்கொள்கிறது. இங்கே அட்டைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. வெறும் பிஸ்கட் பக்கெட்டின் முகப்பைக் கத்தரித்தால் அதுவே படம். பிள்ளை அதை நீட்டும்போது கடைக்காரர் தாயின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைக்குச் சாமானைக் கொடுக்க வேண்டும். சாமான் வாங்கியதும், களைப்புத் தெரியும் முன்பே திரும்பிவிட வேண்டும். நன்றாகப் போகிறதே என்று இரண்டாவது கடைக்கு இழுத்துப் போனால் முதல் கடையில் பழக்கியதும் கெட்டுப்போகும்.

2017இல் பிரிட்டனின் மொரிசன்ஸ் கடைகள் சனிக்கிழமை காலை ஒரு மணிநேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, அறிவிப்புகளைத் தவிர்க்கத் தொடங்கின. அதே ஆண்டு அவுஸ்திரேலியாவின் கோல்ஸும் அப்படியொரு அமைதி நேரத்தை அறிமுகப்படுத்தியது. நமக்கு இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வேலையே இல்லை. ளுஹர் தொழுகை முடிந்து, வெயில் உறைக்கும் பிற்பகலில் நம் கடைத்தெருக்கள் தாமாகவே அடங்கிக் கிடக்கின்றன. அந்த ஒரு மணிநேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி, வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டால் போதும். வியாபாரமும் கெடாது, அந்த வெயிலில் கூவி யாரை அழைப்பது?

சட்டத்தை நம்பி இருந்தால் காலம் பிடிக்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளின் அக்கறை கட்டடங்களைப் பற்றியது. சாய்தளம் சக்கர நாற்காலிக்கு வழிவிடும். இந்தப் பிள்ளையை மறிக்கும் தடையோ இரைச்சல். சத்தத்தைப் பொறுத்தவரை, 2007இல் ஒலிபெருக்கி வழக்கொன்றில் உயர் நீதிமன்றம், விருப்பமில்லாத எவரையும் கட்டாயக் கேட்பாளர் ஆக்கக்கூடாது என்ற கொள்கையை வலியுறுத்தியது. வெலிகமையிலிருந்து வந்த அந்த வழக்கு வழிபாட்டிட ஒலிபெருக்கியைப் பற்றியது. அதே நியாயத்தைத் துணிக்கடைக்குப் பொருத்தக்கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

பஸ் நடத்துநர் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், முன் இருக்கை ஒன்றை ஒதுக்கித் தரலாம். வங்கியிலும் மருந்துக்கடையிலும் வரிசையில் நிற்பவர்கள் அந்தத் தாயை முன்னால் விடலாம். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வர்த்தகர் சங்கங்கள் அடுத்த பெருநாள், தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பே பிற்பகலில் ஒரு மணிநேரத்தைக் குறித்து அறிவிக்க வேண்டும். பிரதேச சபையின் அனுமதிக்கோ அரசாங்கத்தின் பணத்துக்கோ காத்திருக்கத் தேவையில்லாத வேலை அது.