நாள்தோறும் பத்து நிமிடம்: வீட்டார் ஒதுக்கித் தர வேண்டிய நேரம்

மாதவிடாய் நின்ற பின் பெண்கள் பலருக்கு இரத்த அழுத்தம் உயர்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் இரத்தக் குழாய்கள் நெகிழ்ச்சியை இழக்கின்றன. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. அக்கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலக்கிறது. காய்ச்சலோ வலியோ இன்றி நீடிக்கும் இவ்வழற்சி, இரத்தக் குழாய்களின் உட்சுவரை நாளடைவில் பாதிக்கிறது. சி.ஆர்.பி. என்னும் இரத்தப் பரிசோதனை இதனை ஓரளவு காட்டும்.

விரைவு நடை போன்ற பயிற்சி இதற்கு எவ்வளவு உதவும்? அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடத்தப்பெற்று, 2007இல் வெளியான ஆய்வொன்று கருதத்தக்கது. மாதவிடாய் நின்ற, உடல் எடையும் இரத்த அழுத்தமும் மிகுந்த 464 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஆறு மாத முடிவில், வாரத்துக்குச் சுமார் 72 நிமிடமே பயின்றவர்களுக்கும் இதய, நுரையீரல் திறன் கூடியிருந்தது. ஆயினும் இரத்த அழுத்தம் பெரிதாக மாறவில்லை, சி.ஆர்.பி. அளவும் எடை குறைந்தவர்களிடமே குறைந்தது.

இம்முடிவுகளிலிருந்து நாங்கள் வலியுறுத்த விரும்புவன மூன்று. நாளொன்றுக்குப் பத்து நிமிட நடையும் வீணன்று. பரிசோதனைத் தாளில் எண் குறையவில்லையென்று நடையைக் கைவிடுதல் தவறு. நடக்கிறோமே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் அதனினும் தவறு. பத்து நிமிடத்தில் தொடங்குவோர், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிடத்தைப் படிப்படியாக எட்டலாம்.

"வீட்டு வேலையே போதுமே" என்பார் பலர். உடலை அசைப்பது நன்றே; எனினும் சமைப்பதும் துலக்குவதும் விட்டுவிட்டு நிகழ்வன. இதயத் துடிப்பைத் தொடர்ந்து சற்றே உயர்த்தி வைக்கும் நடைக்கு அவை ஈடாகா. பெண்களுக்குக் குறைவாயிருப்பது மனவுறுதி அன்று, நேரமே என்பது எங்கள் கருத்து. ஆகவே, "நடங்கள் அம்மா" என்று அறிவுரை கூறுவதினும், அவ்வேளையில் அடுப்பையும் பேரக்குழந்தையையும் பிறர் பார்த்துக்கொள்வதே மெய்யான துணை.

பேச முடியும், பாட முடியாது என்னும் அளவு வேகமே போதுமானது. நெஞ்சுவலி, தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக. இரத்த அழுத்தம் 180/110 அளவிலோ அதற்கு மேலோ இருப்பின், மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குக. அடுத்த முறை வருகையில், எத்தனை நாள் நடந்தீர்கள் என்பதையும் மாத்திரை விவரத்தோடு குறித்து வாருங்கள்.