கடலூரிலிருந்து தில்லைக்கு

நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பிரயாணம் செய்வது ஊர்களைப் பார்ப்பதற்காக அல்ல, ஊர்களைத் தாண்டுவதற்காக. "கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர்தான். புதிதாகப் போட்டிருக்கும் அகன்ற சாலையில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நடராஜர் சந்நிதியில் நிற்கலாம்" என்று அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வண்டி அவருடையது, வழி மட்டும் நம்முடையது என்று முன்னமே உடன்படிக்கை செய்து கொண்டிருந்தோம். ஆகையால் அன்று பொழுது சாயும் வரையில் அவர் நம்மைச் சகித்துக் கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் வண்டியைத் தேவனாம்பட்டினத்துக்கு விடச் சொன்னோம். அங்கே செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற ஒரு கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையைச் சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையில் உள்ள நிலமும் கிரயத்தில் சேர்த்தி என்று பேச்சு. கம்பெனியார் என்ன செய்தார்கள் தெரியுமா? வெகு தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துத் தேடி எடுத்து நாலா புறமும் சுட்டார்கள்! குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் ஏற்பட்டது. முழம் போட்டு அளப்பவனும் படி போட்டு அளப்பவனும் உலகத்தில் உண்டு. பீரங்கி போட்டு அளந்த வியாபாரியைத் தேவனாம்பட்டினம்தான் கண்டது.

1746-இல் சென்னைப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சில ஆண்டுகள் தென்னாட்டில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமை ஸ்தானமாக இருந்தது. 1756-இல் கிளைவ் இங்கே கவர்னராக அமர்ந்தான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டான். இன்று அங்கே மிஞ்சியிருப்பது சொற்பமே. மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள். குழந்தைகள் அலையோடு விளையாடுகிறார்கள். 2004 டிசம்பரில் ஆழிப் பேரலை வந்து இந்தக் கரையையும் வாரிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகும் படகைக் கடலில் தள்ளிக்கொண்டு போகிறவர்களுடைய நெஞ்சுரத்தின் முன்னால் கோட்டை கொத்தளம் எம்மாத்திரம்?

"கோட்டை இல்லாத இடத்தில் இத்தனை நேரமா?" என்றார் நண்பர். "அடுத்தபடியாகச் சிறைச்சாலையைக் காட்டுகிறோம், வாருங்கள்" என்றோம்.

கேப்பர் மலை என்று அழைக்கப்படும் மேட்டிலே கடலூர்ச் சிறை இருக்கிறது. பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் வாசம் செய்த பின், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி வந்த பாரதியாரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது. சொந்த நாட்டுக்குள் காலடி வைத்த குற்றத்துக்குத் தண்டனை!

இதே கடலூர் முதுநகர்தான் அஞ்சலை அம்மாளை நாட்டுக்குத் தந்தது. 1857-இல் கொடுமைகள் புரிந்த கர்னல் நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்ற வேண்டுமென்று 1927-இல் நடந்த சத்தியாக்கிரகத்தில், அந்த அம்மையார் தம்முடைய சிறு பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறை புகுந்தார். 1934-இல் மகாத்மா கடலூருக்கு வந்தபோது அவரை அம்மையார் சந்திக்கலாகாது என்று தடை இருந்ததாகவும், பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து தரிசித்துச் சென்றதாகவும் சொல்வார்கள்.

நண்பர் கடிகாரத்தைப் பார்ப்பதை ஒரு நாழிகை மறந்திருந்தார். ஆனால் புதுச்சத்திரத்துக்கு அருகே ஒரு சக்கரம் காற்றை விட்டதும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சக்கரம் மாற்றுகிற வரையில் வேப்ப மரத்தடியில் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாள், "அவசரப்படாதீங்க ஐயா, சிதம்பரம் எங்கேயும் ஓடிப்போகாது. பிச்சாவரத்துக் காட்டையும் பார்த்துட்டுப் போங்க" என்றாள். நமக்குச் சரியான கட்சிக்காரி அகப்பட்டாள்!

பரங்கிப்பேட்டை வழியாகப் போனோம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் என்று பரங்கியர் பலரும் வந்து கடை விரித்த துறைமுகம் அது. 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலியின் படையும் ஸர் அயர் கூட்டின் படையும் மோதியது இதன் அருகில்தான். இப்போது வெள்ளாறு எந்தச் சண்டையையும் அறியாததுபோல் கடலில் கலந்து கொண்டிருக்கிறது.

பிச்சாவரத்தில் படகு ஏறினோம். உப்பங்கழியின் இருபுறமும் சுரபுன்னை மரங்கள் வேர்களைக் கால்போல் ஊன்றி நீரிலே நிற்கின்றன. மேலே கிளைகள் பின்னிக்கொண்டு பந்தலிட, கீழே படகு நிழலில் வழுக்கிச் செல்கிறது. படகோட்டி ஒரு மரத்தைச் சுட்டிக்காட்டி, "இதுதான் தில்லை. ஒடிக்காதீங்க, பால் கண்ணிலே பட்டால் ஆபத்து" என்றான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இதுவே. ஒரு காலத்தில் தில்லை வனமாக இருந்த இடத்தில் இப்போது நகரம் இருக்கிறது. மரம் இங்கே உப்பங்கழியில் இருக்கிறது. ஆழிப் பேரலை வந்தபோது இந்தக் காட்டின் பின்புறத்தில் இருந்த சில குப்பங்களில் சேதம் குறைவாயிற்று என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பீரங்கி வைத்த கோட்டை தன்னையே காத்துக்கொள்ளவில்லை. வேர் ஊன்றிய காடு தன்னை அடுத்தவர்களையும் காத்தது.

சிதம்பரம் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் சாப்பிட்ட பிறகு நண்பருடைய முகம் தெளிந்தது. "முக்கால் மணிப் பிரயாணத்துக்கு ஒரு பகல் முழுதும் ஆகிவிட்டதே!" என்றார், ஆயினும் கோபமில்லாமல்.

அப்போது நமக்கு இன்னொரு பிரயாணியின் நினைவு வந்தது. அவரும் தில்லைக்குத்தான் புறப்பட்டார். அவருடைய ஊரான ஆதனூர் அப்படி ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனாலும் "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் திருநாளைப் போவார் என்று பெயர் வந்துவிட்டது. வழி நீளமாக இருந்ததனால் அல்ல, வாசல் அடைத்திருந்ததனால் நேர்ந்த தாமதம் அது. கடைசியில் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் நந்தனாருக்குச் சந்நிதி கிடைத்தது என்கிறது பெரிய புராணம். மூழ்காமலே உள்ளே போகிற நாம் அந்தக் கதையைக் கேட்டு உருகிவிட்டு, தீயை மூட்டியவர் யார் என்று விசாரிக்காமல் வீடு திரும்பி விடுகிறோம்.

விசாரித்தவர்களும் உண்டு. 1916-இல் சுவாமி சகஜானந்தர் இதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். தீயில் மூழ்கச் சொல்லாமல், ஏட்டைக் கையில் கொடுத்த பள்ளிக்கூடம் அது.

"ஒரு பகல் தாமதம் நாமாக விரும்பிச் செய்த தாமதம் ஐயா. அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். பிறர் விரும்பாமல் அவர்கள் மேல் நாம் சுமத்திய தாமதங்களுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்" என்றோம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. காலையில் பார்த்தால், நமக்கு முன்னமே எழுந்து குளித்துவிட்டு, "அந்தப் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று விடுதிக்காரரிடம் வழி விசாரித்துக் கொண்டிருந்தார்!