வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள்

முந்தலில் தொடங்கும் ஏற்றம் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் முடிகிறது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியலிலேயே ஜீப்புகள் இந்த வழியாகத்தான் போகின்றன. மூணாறுக்குப் போகும் சுற்றுலா வேன்களுக்கும் இதுதான் சாலை. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு, படுக்கையும் குளிர்பெட்டியும் வைத்த வண்டிகளும் இடுக்கி மலைகளைத் தேடி வருகின்றன.

கிளம்பும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறோம், பிரேக்கை மிதித்துப் பார்க்கிறோம். ஆனால், வண்டிக்கு அடியில் தொங்கும் வயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பின்விளக்கு, பிரேக் விளக்கு, டீசல் டேங்க் அளவுமானி ஆகியவற்றுக்கான வயர்கள் அந்த வழியாகத்தான் போகின்றன.

கம்பெனியிலிருந்து வரும்போது அவை சேஸில் கிளிப் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்கும். சைலன்சர், கிளட்ச், டேங்க் என்று ஒவ்வொரு வேலைக்கும் கழற்றும் கிளிப்புகளில் பாதி திரும்ப மாட்டப்படுவதில்லை. அதற்கு மேல் பனிவிளக்கு, ஸ்பீக்கர், கேரவன் என்றால் இரண்டாவது பேட்டரி எனப் புது வயர்களும் சேர்ந்துகொள்கின்றன. தொங்கும் வயர் ஒவ்வொரு குலுக்கலிலும் சேஸின் கூர்விளிம்பில் உரசுகிறது. மேலுறை தேய்ந்து செம்பு வெளியே வந்தால் ஷார்ட்தான். ஏனென்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனை சேஸோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது.

‘12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்’ என்ற எண்ணம் ஆபத்தானது. அது ஆளை அடிக்காது. ஆனால் வயரை எரிக்கும். 21 வாட் பிரேக் பல்பு இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. அதே பேட்டரி, ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். சரியான ஃபியூஸ் இருந்தால் அது போய்விடும், விளக்கு அணையும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், எரிவது வயர். பக்கத்தில் இருப்பது டீசல் குழாய்.

விளக்கு மட்டும் அணைந்தாலும் மலையில் அது சிறிய விஷயமல்ல. மூடுபனியில் இறங்கும்போது பின்னால் வருபவருக்கு நம் வண்டியைக் காட்டுவது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழையும் ஏலக்காய் எடுப்பும் ஒரே காலத்தில் வருகின்றன. டேப் சுற்றிய இணைப்புகளில் சேற்றுநீர் இறங்கிச் செம்பு பச்சை பூப்பதும், மலையில் ஆள் போக்குவரத்து கூடுவதும் அப்போதுதான்.

இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. வயர்களை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ரப்பர் வைத்த கிளாம்பால் முழத்துக்கு ஓரிடத்தில் சேஸோடு பிடிக்க வேண்டும். தகட்டுத் துளை வழியே போகுமிடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். சைலன்சரிலிருந்தும் சுழலும் ஷாஃப்டிலிருந்தும் தள்ளியே கொண்டுபோக வேண்டும். பிரேக் குழாயோடும் டீசல் குழாயோடும் சேர்த்துக் கட்டவே கூடாது. அசையும் பாகத்துக்குப் போகும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். முறுக்கி டேப் ஒட்டுவதை விட்டு, லக் வைத்து நெரித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். புதிதாக இழுக்கும் எந்த வயருக்கும் பேட்டரி அருகிலேயே, வயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் வேண்டும்.

வாடகை வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. சொந்த உபயோக வண்டிகளுக்கு 15 ஆண்டு வரை அதுவும் இல்லை. எஃப்.சி.க்கு வரும் மலைவண்டிகளைக் குழியில் நிறுத்தி, அடிவயரையும் கையால் இழுத்துப் பார்த்த பிறகே சான்று தர வேண்டும். பட்டறைக்காரர்கள் கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் வண்டியை விடக் கூடாது. உரிமையாளர்களே, மழை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஜீப்பை நம்பி ஏறும் தொழிலாளர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.

- கட்டுரையாளர், வாகன மின்பணியாளர், போடிநாயக்கனூர்.