அரை நேரப் பள்ளிக்கூடமும் ஒரு முன்சீப் மகனும்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் முன்கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ராஜாஜியின் பேரில் எனக்கு ஒரு சண்டை வந்தது. வாய்விட்டுப் போட்ட சண்டை அல்ல. மரியாதை கருதி நான் மௌனமாக இருந்துவிட்டு வந்தேன். அந்த மௌனத்தை இங்கே கலைத்துக்கொள்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளிக்குப் போகிற சாலையில் இருக்கிறது மண்ணரை. தனி ஊராட்சியாக இருந்த ஊர். இப்போது மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. கம்பெனிச் சொந்தக்காரர் எழுபது தாண்டிய பெரியவர். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ராஜாஜியின் படம். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்:

"ஏனுங்க, இந்தப் பெரியவரு அன்னைக்கே சொன்னாருங்க. பர்மிட்டு, லைசென்ஸுன்னு கவர்மெண்டு குறுக்கே நிக்காம இருந்தா ஊரு தானா வளரும்னு. இந்தத் திருப்பூரே அதுக்குச் சாட்சிங்க."

தலையாட்டினேன். அவர் அதோடு நிற்கவில்லை.

"பள்ளிக்கூடத்தைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் தொழிலு கத்துக்கச் சொன்னாரு. அதையும் கெடுத்துப் போட்டாங்க. பன்னெண்டு வயசுல கைமடிக்க வந்தவனுங்க நானு. கெட்டா போயிட்டேன்?"

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்டிருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் பட்ட பாடு அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடங்களில் சேர்த்துப் படிக்க வைத்துவிட்டு, "ராஜாஜி திட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் கெடுத்துவிட்டார்கள்" என்று பெருமூச்சு விடுகிறவர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ராஜாஜியைக் கரித்துக்கொட்டுவது என் நோக்கமல்ல. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்கிற சின்னக் கிராமத்தில் 1878-ல் பிறந்து, சேலத்தில் வக்கீலாகி, நகரசபைத் தலைவராகி, சிறைக்குப் போய், 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் ஆன மனிதர் அவர். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கிராமத்து ஏழைகளுக்கு நூற்பும் நெசவும் வருமானமும் கொடுக்கப் பாடுபட்டார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் விவசாயிகளின் பழைய கடன்களுக்கு ஏறிக்கிடந்த வட்டியைச் சட்டம் போட்டு இறக்கினார். 1939-ல் தாழ்த்தப்பட்டவர்களின் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார். பழமைவாதி என்று ஒரே சீட்டை அவர் முதுகில் ஒட்டிவிட முடியாது. கதை எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு கடனும் உண்டு: சிக்கலான விஷயத்தைச் சின்ன வாக்கியத்தில் சொல்லலாம் என்று தமிழில் நடத்திக் காட்டியவர் அவர்.

ரேஷன் விஷயத்தில் அவருடைய துணிச்சலை யார் மறுக்க முடியும்? 1952-ல் மறுபடி முதல் மந்திரியானவுடன் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். எண்பது வயதில், 1959-ல், நேருவின் கூட்டுறவுப் பண்ணை யோசனையை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். சர்க்கார் கொடுக்கும் சீட்டுக்குக் கைகட்டி நிற்கும் தேசம் உருப்படாது என்றார். அதில் பெரும்பகுதி சரியென்று பின்னால் வந்த காலம் ஒப்புக்கொண்டது.

ஆனால் திருப்பூரை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். பனியன் தொழில் பல வருஷங்கள் சிறுதொழில்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கி வைத்திருந்த தொழில். 2000-க்குப் பிறகுதான் அந்த வேலி எடுக்கப்பட்டது. பெரிய ஆலைக்காரன் உள்ளே வராதபடி கதவைப் பிடித்துக்கொண்டது சர்க்கார்தான். ராஜாஜியும் இதில் சுத்தமான சுதந்திரவாதி அல்ல. முதல் மந்திரியாக இருந்தபோது வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும் என்று மத்திய சர்க்காரிடம் வாதாடியவர் அவர். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். நெசவாளி பட்டினி கிடப்பதைக் கண்டவர் கொள்கைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருக்கவில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1953-ல் கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் பாடம் நாளைக்கு மூன்று மணி நேரம் என்று ஆக்கினார். பிள்ளைகள் இரண்டு முறைகளாக வருவார்கள். இருக்கிற வாத்தியார்களைக் கொண்டே இரண்டு பங்கு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மீதி நேரம் பிள்ளை தகப்பனோடு இருந்து தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். பணமில்லாத சர்க்காரின் சிக்கனம் என்று இதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சிக்கனம் பட்டணத்துப் பிள்ளைக்கு ஏன் இல்லை? குடியானவன் மகனும் வண்ணான் மகனும் சக்கிலியன் மகனும் மட்டும் அரை வயிற்றுக் கல்வியில் ஏன் நிற்க வேண்டும்? குலக்கல்வி என்று பெரியார் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் பெயரில் இருந்த காரமல்ல, திட்டத்தில் இருந்த உண்மை.

ராஜாஜியின் தகப்பனார் தொரப்பள்ளி கிராம முன்சீப். அந்நாளில் அது பெரும்பாலும் பரம்பரையாக வருகிற உத்தியோகம். மகன் அரை நேரம் ஓசூரில் படித்துவிட்டு மீதி நேரம் தகப்பனோடு கிஸ்து வசூலுக்குப் போய்ப் பழகியிருந்தால், தேசத்துக்கு ஒரு நல்ல கிராம முன்சீப் கிடைத்திருப்பார். அந்தத் தகப்பன் அப்படிச் செய்யவில்லை. ஓசூர், பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டப் படிப்பு என்று மகனை ஊரை விட்டே அனுப்பினார். தான் ஏறி வந்த ஏணி கிராமத்துக்குத் தேவையில்லை என்று அந்த மகன் எழுபத்தைந்து வயதில் நினைத்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1954-ல் அவர் பதவி விலகினார், காமராஜ் வந்தார். திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்த கல்வி மந்திரி யார்? பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளையான சி. சுப்பிரமணியம். அதுவரை ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர்.

மண்ணரைப் பெரியவரிடம் புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டேன்.

"உங்க ஐயன் என்ன தொழிலுங்க?"

"தோட்டந்தானுங்க. கவலை எறைப்பாரு. கெணறு வத்திப் போச்சு. இதுல கெடந்து சாவாதே, பனியன் கம்பெனிக்குப் போடான்னு அவருதானுங்க கொண்டாந்து விட்டாரு."

தகப்பன் தொழிலை விட்டு ஓடி வந்தவரின் கம்பெனியில், தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னவரின் படம். இந்த ஊரில் முதலாளியான எத்தனையோ குடியானவர்கள் இப்படி ஓடி வந்தவர்களே. பவர் டேபிளும் கட்டிங் மேஜையும் அவர்கள் யாருக்கும் குலதனம் அல்ல.

"பேரனுங்களா? கோயமுத்தூர்ல இன்ஜினீயரிங் படிக்கிறானுங்க. இந்தக் கம்பெனிப் பக்கமே வர வேண்டாம், மொதல்ல படிப்பை முடீன்னு சொல்லிப் போட்டேன்" என்றார் பெரியவர், இன்னொரு தேநீருக்குச் சொல்லிக்கொண்டே.